பதினோரு வீட்டுப் புல்தரை

ஏப்ரல் மூன்றாம் வாரம், சாலையோரத்தில் கடைசிப் பனி கறுத்துக் கிடந்தபோது, எங்கள் தெருவின் பதினோரு வீடுகளுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. டாமராக் லேனில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கிணறுதான். வருஷத்துக்கு ஒருமுறை அதன் தண்ணீரைச் சோதித்து முடிவை அனுப்புவார்கள். யாரும் பிரித்துப் பார்க்க மாட்டோம். இந்த முறை உறையின் மேலேயே சிவப்பு எழுத்து இருந்ததால் பிரித்தோம். உரத்திலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் இறங்குகிற நைட்ரேட் பதினொன்று புள்ளி எட்டு என்று போட்டிருந்தது. பத்தைத் தாண்டக் கூடாதாம். கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், கர்ப்பிணிகள் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் போகாது என்று கீழே மூன்று வரிகள்.

நான் அதைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் நான். தனிக்கட்டை. எனக்குக் குழந்தையும் இல்லை, கர்ப்பமும் இல்லை.

வெர்னா டாலஃப்சன் அப்படி விடவில்லை. எதிர்வீட்டுக்காரி. இருபத்தேழு வருஷம் இந்த வட்டாரத்துக்குத் தபால் கொண்டுவந்தவள்; அதற்கு முந்தின டிசம்பரில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். அவள் கணவன் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. கடிதம் வந்த மறுநாள் காலை அவள் ஜன்னலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வீட்டுப் பிரிட்டா ஐந்து மாத வயிற்றோடு காரிலிருந்து ஐந்து கேலன் தண்ணீர்க் கேனை இறக்கி, உறைந்து வழுக்கும் பாதையில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்திருக்கிறாள். வெர்னா காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேனை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தன் புல்தரைக்குக் களைமருந்தும் உரமும் போடுகிற கம்பெனிக்குப் போன் செய்து, இனி லாரியை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பதினைந்து வருஷ வாடிக்கை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை டுவேன் பெல்கியின் கராஜில் தெருக் கூட்டம். அவருடையதுதான் பெரிய கராஜ். தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். வாசலில் அடுப்பு மூட்டி பிராட்வர்ஸ்ட் இறைச்சித் துண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். டுவேன் காகித ஆலையில் முப்பத்தோரு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆலையை மூடிய பிறகு அவர் அதட்டுவதற்கு மிச்சமிருந்தது புல் மட்டும்தான். அந்தப் புல்லும் அவருக்குப் பயந்து வளர்ந்தது போலத்தான் இருக்கும். வருஷத்துக்கு ஐந்து முறை உரம், வாரத்துக்கு இரண்டு முறை வெட்டு, பலகை வைத்து இழுத்த மாதிரி வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகக் கோடுகள். தெருவுக்குள் புதிதாக வரும் வண்டிகள் அவர் வீட்டின் முன்னால் வேகத்தைக் குறைக்கும்.

வெர்னா சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு வருஷம். பதினோரு வீடும் உரத்தை நிறுத்தணும். கழிவுத் தொட்டிய எல்லாரும் இந்தக் கோடைக்குள்ள காலி பண்ணணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"அவ்வளவுதானா!" டுவேன் இடுக்கியோடு திரும்பினார். "என் புல்லைப் பட்டினி போடச் சொல்றே."

"வெட்டுன புல்லை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டாம அங்கயே விடு. அதுவே அதுக்குச் சாப்பாடு."

"இத யாரு சொல்றா பாருங்கப்பா. பதினஞ்சு வருஷமா லாரி வரவழைச்ச அம்மா."

"ஆமா. அதனாலதான் முதல்ல என்னுதை நிறுத்திட்டு வந்து உங்கிட்டப் பேசறேன்."

டுவேன் இடுக்கியால் நெடுஞ்சாலைப் பக்கம் காட்டினார். "அங்க பாரு, எண்பது ஏக்கர் சோளம். அவன் கொட்டற உரத்துல நம்மது சுண்டுவிரல் அளவு. போ, போய் அவனைக் கேளு."

"கேக்கறேன்," என்றாள் வெர்னா.

கேட்டாள். சோளக்காரரைக் கேட்டாள், மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் தண்ணீர்ப் பிரிவைக் கேட்டாள். இரண்டு வாரம் கழித்து அதே கராஜுக்கு அந்தப் பிரிவின் ஆள் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தார். எங்கள் மண் மணல். மேலே ஊற்றுவது நேராகக் கீழே இறங்கும். கீழே இறங்கிய நீர் வடக்கே பைன் மரக் குன்றிலிருந்து தெற்கே ஆற்றை நோக்கி நகர்கிறது. சோளக்காடு எங்களுக்குத் தெற்கே. குன்றுக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. எங்கள் பதினோரு புல்தரைகளும் கழிவுத் தொட்டிகளும்தான்.

வெர்னா வரைபடத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு கை தூக்கச் சொன்னாள். ஒன்பது கைகள் எழுந்தன. என்னுடையது பாதி எழுந்தது. அவள் என்னைப் பார்த்ததும் மீதியும் எழுந்தது. பத்து.

டுவேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஆர்லிஸ், பின்னால் நாற்காலியில் இருந்தவள், கையைத் தூக்கினாள்.

"வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், ஆர்லிஸ்," என்றார் டுவேன்.

"அப்ப என்னோடத எடுத்துக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். டுவேனும் சிரித்தார். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு உரம் தூவும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தன் புல்லில் இறங்கிவிட்டார். வழக்கத்தைவிட மெதுவாக, எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அந்தக் கோடை வெர்னாவுக்கு நல்லதாக இல்லை. மருந்து நின்ற ஆறாவது வாரத்தில் அவள் புல்தரை முழுக்க மஞ்சள் டேண்டலியன் பூ. அந்தக் களைக்குக் கையளவு நீள வேர். மேலாகப் பிடுங்கினால் பத்து நாளில் திரும்ப வரும். நீண்ட இரட்டை முள் கரண்டி ஒன்றை வாங்கிவந்து, முட்டிக்குக் கீழே பழைய தபால் பையை மடித்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். முதல் நாள் இருநூற்றுப் பதினாலு. அதை என்னிடம் கத்திச் சொன்னாள். மறுநாள் நூற்றெண்பது. டுவேன் தன் வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி, "வெர்னா, எனக்கும் கொஞ்சம் கட்டு கட்டிக் கொடு, சாலட் பண்ணலாம்!" என்று கூவுவார்.

"உன்னுதைத் தின்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்னுதைத் தின்னலாம்!" என்று அவள் பதில் கூவுவாள்.

மண்ணைச் சோதனைக்கு அனுப்பினாள். இருக்க வேண்டியதைவிடப் பாஸ்பரஸ் நாலு மடங்கு இருக்கிறதென்றும், இன்னும் பத்து வருஷம் அதைப் போடத் தேவையே இல்லையென்றும் பதில் வந்தது. பதினைந்து வருஷம் அவள் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் என் வாசலில் இருந்து பார்த்தேன். கிட்டப் போகத் தோன்றவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் என் புல் வெளிறத் தொடங்கியது. கராஜில் அரை மூட்டை உரம் மிச்சமிருந்தது. ஒரு மத்தியானம், வெர்னாவின் கார் இல்லாத நேரம் பார்த்து, கையால் தூவிவிட்டேன். சாயங்காலம் அவள் வந்து என் நடைபாதையில் குனிந்து பார்த்தாள்.

"வெண்டல், இங்க வெள்ளை வெள்ளையா உருண்டை கிடக்கு. ஜூன் மாசத்துல ஆலங்கட்டி மழை பெஞ்சுதா?"

 அவள் போய்த் தன் துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "கல்லு மேல கிடக்கறது அடுத்த மழைக்கு நேரா ஓடைக்குப் போகும். ஓடை கிணத்துப் பக்கமா போகுது. பெருக்கி மூட்டைக்குள்ள போடு." நான் பெருக்கினேன். அவள் முடியும்வரை நின்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்டில் பிரிட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓனா என்று பேர். பால் பவுடர் கலக்க, பாட்டில் கழுவ என்று எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்.

செப்டம்பர் முதல் வாரம்தான் விதை போடும் காலம். வெர்னா மண்ணில் துளை போடுகிற இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவந்தாள். அது சுண்டுவிரல் அளவு மண் உருளைகளைப் பிடுங்கிப் பிடுங்கித் துப்பிக்கொண்டே போனது. முடிந்தபோது வாசல் முழுக்க வாத்து மேய்ந்த இடம் போல இருந்தது. அதன் மேல் மக்கிய இலையுரத்தைக் கால் அங்குலம் பரப்பினாள். மணல் மண்ணுக்கும் குறைந்த தீனிக்கும் தாங்குகிற மெல்லிய ஃபெஸ்க்யூ புல் விதையோடு கொஞ்சம் மூவிலைக் குளோவரும் கலந்து தூவினாள். நாளுக்கு இரண்டு முறை லேசாக நீர் தெளித்தாள். பன்னிரண்டாம் நாள் பச்சை மயிர் போல முளைத்தது. பதினைந்தாம் நாள் பிய்த்துக்கொண்டு ஒரு மழை. ஒன்றரை மணி நேரத்தில் நாலு அங்குலம். அவளுடைய வாசல் சரிவானது. மண், உரம், விதை, முளை எல்லாம் சேர்ந்து தெருவைத் தாண்டி டுவேனின் வாசல் ஓரத்தில் போய்க் குவிந்தது.

டுவேன் அதை ஒரு வாளியில் அள்ளி அவள் படியில் கொண்டுவந்து வைத்தார். கிண்டலுக்குத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். "உன் புல்லு என் வீட்டுக்கு ஓடி வந்துடுச்சு. சோறு கிடைக்கும்னு நெனைச்சிருக்கும்."

வெர்னா வாளியை வாங்கிக்கொண்டு, "நன்றி, இதுல பாதி விதை இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்றாள். அதைச் சரிவிலேயே திரும்பப் போட்டு, புதிதாக விதையும் கலந்து, மேலே வைக்கோலைப் பரப்பி, அது நகராமல் சணல் வலையை முளையடித்துக் கட்டினாள். மாலை ஏழு மணிக்கு முடித்தாள். 

சிவப்புக் கடிதம் வந்த கிணறு என்பதால் வருஷத்துக்கு ஒன்று என்றில்லாமல் அக்டோபரிலும் தண்ணீர்ச் சோதனை. பன்னிரண்டு புள்ளி ஒன்று. ஏறியிருந்தது.

அந்தத் தாளை டுவேன் தபால் பெட்டியருகில் நின்றே படித்தார். "பத்து வீடு பட்டினி கிடந்ததுக்கு இதான் கூலியா?" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் பாதி உடன்பாடு. இரண்டு வீட்டுக்காரர்கள் வெளிப்படையாகவே பின்வாங்கப் பார்த்தார்கள். வெர்னா கவுண்டி ஆளுக்குப் போன் போட்டாள். நீங்கள் இன்று குடிப்பது போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மேலே போட்டது, இந்த வருஷம் நிறுத்தியது கீழே போய்ச் சேர நாளாகும், கணக்கு அப்படித்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை அவள் கையால் பதினோரு தாளில் எழுதி, ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் போட்டாள். கீழே ஒரே வரி: 'நான் நிறுத்தப் போவதில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள்.'

மறுநாள் டுவேன் அவள் வாசலுக்கு வந்தார். நான் அவளுக்குப் பழைய வேலிக் கம்பிகளை எடுத்துப் போட உதவிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாரு வெர்னா. பேச்செல்லாம் வேணாம். அடுத்த வருஷம் செப்டம்பர்ல லேபர் டே லீவு வரைக்கும் உனக்கு நேரம். மருந்தும் உரமும் இல்லாம, ஒரு மனுஷன் வெக்கப்படாம நிக்கற மாதிரி ஒரு புல்தரைய எனக்குக் காட்டு. காட்டிட்டேன்னா என் உர வண்டிய உடைச்சுப் போட்டுடறேன்."

"உடைக்காதே. கழுவிக் குடு, விதை தூவ ஆகும்," என்றாள் வெர்னா.

குளிர்காலம் போனது. ஏப்ரலில் வலையின் அடியிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை தெரிந்தது. சில இடம் அடர்த்தி, சில இடம் சொட்டை. மே மாதம் ஸ்கங்க் என்கிற நாற்றப் பிராணி ஒன்று வண்டுப் புழுவைத் தேடி ஒரு மூலையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனது. வெர்னா மண்ணை மிதித்துச் சரிசெய்து விதை போட்டாள். வெட்டும் இயந்திரத்தின் கத்தியைத் தானே அரம் வைத்துத் தீட்டினாள். உயரத்தை மூன்றரை அங்குலத்துக்கு ஏற்றினாள். வளர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருபோதும் எடுப்பதில்லை. உயரமாக இருக்கும் புல் தன் நிழலிலேயே களை விதை முளைக்காமல் அடக்கிவிடும் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த மே மாதம் டேண்டலியன் எண்ணிக்கை முப்பத்தொன்று. அதையும் கத்திச் சொன்னாள்.

ஜூன் முதல் வாரம், பள்ளிக்கூடத்தின் கடைசி நாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு மூன்றரை மணிக்கு நான் வீடு திரும்பியபோது மேற்கே வானம் ஈயம் போலக் கறுத்திருந்தது. டுவேன் தன் வண்டிப் பாதை நடுவில் துடைப்பத்தோடு நின்றார். பிக்கப் வண்டியின் பின்கதவுக் கொக்கியில் மாட்டி ஐம்பது பவுண்டு உர மூட்டை கிழிந்திருந்தது. மழைக்கு முன்னால் போட்டால் நன்றாக இறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் அவசரமாகக் கடைக்குப் போய் வாங்கிவந்திருக்கிறார். பாதை முழுக்க வெள்ளை உருண்டைகள், சரிவில் உருண்டு ஓடையை நோக்கி. ஓடையின் அந்தப் பக்கம் இருபது அடியில் கிணற்றுக் கொட்டகை.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி வெர்னாவின் கதவைத் தட்டினார். ஆர்லிஸ் அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

"உங்கிட்ட அந்தப் பெரிய வாக்குவம் கிளீனர் இருக்கில்ல?"

வெர்னா அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.  "வெண்டல், என் கராஜ்ல இலையுர மூட்டை நாலு இருக்கு. தூக்கிட்டு வந்து ஓடை வாயில போடு. நெருக்கமா. தண்ணி போகக் கூடாது."

போட்டேன். அவள் நீண்ட மின்கம்பியை இழுத்து வாக்குவத்தை ஓட்டத் தொடங்கினாள். டுவேன் பெருக்கித் தள்ள, நான் முறத்தில் அள்ளினேன். இடி பக்கத்தில் கேட்டது. சத்தம் கேட்டுப் பிரிட்டா வந்தாள். குழந்தையை எங்கள் பார்வையில் இருக்கும்படி டுவேனின் கராஜுக்குள் தள்ளுவண்டியில் நிறுத்திவிட்டு ஒரு முறத்தோடு குந்தினாள்.

"நீ போம்மா," என்றார் டுவேன். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "புள்ளைய வச்சுக்கிட்டு. நாங்க பாத்துக்கறோம்."

"கிணறு எனக்கும்தானே, டுவேன்," என்றாள் பிரிட்டா. "அந்தப் பக்கத்தை நீங்க எடுங்க, இத நான் எடுக்கறேன்."

முக்கால்வாசி அள்ளியபோது முதல் துளி விழுந்தது. பெரிய பெரிய துளி. பிரிட்டா கராஜுக்குள் ஓடினாள். வெர்னா வாக்குவத்தை உள்ளே இழுத்துவிட்டுத் திரும்பி வந்து வெறும் கையால் அள்ளினாள். கான்கிரீட் விரிசல்களில் சிக்கியிருந்தவற்றை டுவேன் முட்டிபோட்டுத் திருப்புளியால் நெம்பி நெம்பி எடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "வா டுவேன், போதும்," என்றாள் வெர்னா. அவர் காதில் வாங்கவில்லை. விரிசல் முடியும்வரை எடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஓடை வாயில் நாங்கள் போட்ட மூட்டைகளுக்குப் பின்னால் பால்போல ஒரு குட்டை தேங்கி நின்றது. மழை நின்றதும் அதையும் வாளியால் இறைத்துப் பீப்பாயில் ஊற்றினோம்.

கராஜில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குழந்தை தள்ளுவண்டியில் தூங்கிவிட்டிருந்தது. டுவேன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தோரு வருஷம் ஆலையில இருந்தேன்," என்றார். "ஆத்துல என்ன போகுதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. அது வேற டிபார்ட்மென்ட்னு இருந்துட்டேன்."

"நானும் பதினஞ்சு வருஷம் அந்த லாரிக்காரன் என்ன அடிக்கறான்னு கேட்டதில்ல," என்றாள் வெர்னா.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேச வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வருஷம் அவர் அடித்த கிண்டலுக்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவள் எழுந்து வாக்குவத்தைக் காலி செய்யப் போய்விட்டாள்.

அவள் வாசலைத் தாண்டும்போது டுவேன் கூப்பிட்டார். "இதுக்காக என் புல்லைக் கைவிட்டுடுவேன்னு நெனைக்காதே!"

"லேபர் டேக்கு வா," என்றாள் அவள்.

ஆனால் அந்தக் கோடையில் உர வண்டி வெளியே வரவில்லை. நான் கவனித்தேன். ஆர்லிஸும் கவனித்தாள். 

ஜூலையில் மழை இல்லை. வெர்னா, டுவேன் இருவர் புல்தரையும் வதங்கின. வெர்னா வாரத்துக்கு ஒருமுறை, விடிந்ததும், காலி டூனா மீன் டப்பாவைப் புல்லில் வைத்து அது ஒரு அங்குலம் நிரம்பும்வரை மட்டும் நீர் விட்டாள். மற்ற நாள் விடவில்லை. பழுப்பானால் தூங்குகிறது, செத்துவிடவில்லை என்றாள். டுவேன் தினமும் பத்து நிமிஷம் தெளித்தார். ஆகஸ்டு கடைசியில் மழை வந்ததும் இரண்டும் பச்சை திரும்பின. அவருடையது திட்டுத் திட்டாக.

லேபர் டே அன்று காலை டுவேன் மண்வெட்டியோடு வந்தார். நானும் ஆர்லிஸும் பிரிட்டா குடும்பமும் வெர்னாவின் படியில் உட்கார்ந்திருந்தோம். டுவேன் புல்லில் இறங்கி ஒரு சுற்று நடந்தார். கோடு கிடையாது. ஒரே பச்சையும் கிடையாது. நாலைந்து விதப் பச்சை, நடுவில் குளோவரின் வெள்ளைப் பூ, ஒரு மூலையில் ஸ்கங்க் தோண்டிய வடு. ஆனால் கால் வைத்தால் மெத்தென்று அமுங்கியது.

"இது என்ன, தேனீயா?"

"ஆமா. செருப்போட நட."

அவர் ஓரமாக ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மண்வெட்டியின் நீளத்துக்கு வெள்ளை வேர் தொங்கியது. மண்புழு ஒன்று நெளிந்தது. தெருவைத் தாண்டிப் போய்த் தன் புல்லிலும் அதே அளவு சதுரம் வெட்டினார். கம்பளம் போல உரிந்து வந்தது. இரண்டு விரல்கடை வேர், அதற்குக் கீழே வெறும் மணல். இரண்டையும் தன் பாதையில் பக்கம் பக்கமாக வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றார். ஆலையில் கெட்டுப்போன காகிதச் சுருளை அவர் அப்படித்தான் பார்த்திருப்பார்.

கடைசியில் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "சரி. சொல்லு. முதல்ல என்ன பண்ணணும்?"

"முதல்ல உன் கத்தியத் தீட்டு."

"என் கத்தியா? என் கத்தி தீட்டாததா?"

"உன் புல்லு நுனியப் பாரு டுவேன். வெட்டின மாதிரியா இருக்கு? கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு."

ஆர்லிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் போய்விட்டாள். டுவேன் எழுதிக்கொண்டார்: கத்தி.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருமுறை, பாதி அளவு உரமாவது போட வேண்டும் என்றார். வெர்னா முடியாது என்றாள். ஒரு வாரம் வாக்குவாதம். முடிவில் கிணறு பத்துக்குக் கீழே வரும்வரை கிடையாது, வந்த பிறகு மண் சோதனை கேட்டால் மட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தை டுவேன் நோட்டில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

அதற்குப் பிறகு எங்களுக்குத்தான் தொல்லை. டுவேன் கையில் அடிக்கோலோடு சனிக்கிழமை தோறும் பதினோரு வாசலிலும் புல் உயரம் அளக்க ஆரம்பித்தார். "வெண்டல், ரெண்டே முக்கால்! யாரு உன்னை இவ்வளவு ஒட்ட வெட்டச் சொன்னது?" வெர்னா ஒரு வருஷம் பேசாமல் செய்ததை அவர் ஒரு மாதம் கத்திச் செய்தார். இரண்டு விதமும் தேவைப்பட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். பின்வாங்கப் பார்த்த அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அவருக்குப் பயந்தே உரக் கடைப் பக்கம் போகவில்லை.

எண் மெதுவாகத்தான் இறங்கியது. அந்த அக்டோபரில் பதினொன்று புள்ளி ஐந்து. அடுத்த ஏப்ரலில் பத்து புள்ளி ஆறு. அக்டோபரில் பத்து புள்ளி ஒன்று. அன்று டுவேன் தபால் பெட்டியை உதைத்தார். அதற்கடுத்த ஏப்ரலில் ஒன்பது புள்ளி மூன்று. கவுண்டி ஆள், இன்னும் இரண்டு சோதனை பார்த்துவிட்டுத்தான் சிவப்புக் கடிதத்தை ரத்து செய்வோம் என்று எழுதினார். சரிதான். ஓனா அதற்குள் நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்டுவிட்டாள், எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடிக்காமலே. அதை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்தும். அந்த அரை மூட்டை என் கையால் போட்டது.

ஒன்பது புள்ளி மூன்று வந்த அன்று யாரும் விருந்து வைக்கவில்லை. வெர்னா தாளைப் படித்தாள், மடித்துப் பையில் வைத்தாள், முள்கரண்டியை எடுத்துக்கொண்டு புல்லில் இறங்கினாள். டுவேன் தெருவைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

"குன்று மேல லூத்தரன் சர்ச்சுல மூணு ஏக்கர் புல்லு இருக்கு, தெரியுமில்ல," என்றார். "போன வாரம் உர லாரி வந்திருந்துது. நான் பாத்தேன். அது இறங்கறதும் இந்தப் பக்கம்தான்."

"தெரியும்," என்றாள் வெர்னா, ஒரு களையை வேரோடு எடுத்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அவங்க சொத்துக் குழு கூடுது. பேசறதுக்குப் பேர் குடுத்துட்டேன்."

"என் பேரு?"

"அதையும்தான்."